வேர்ப்பட்டையில் பிறந்த மாத்திரை

கசப்பு காய்ச்சலைப் போக்கும் என்று நாம் மட்டும் நம்பவில்லை. இங்கே நிலவேம்பு என்றால், ஐரோப்பாவில் சின்கோனாப் பட்டையும் வில்லோ மரப்பட்டையும். 1820இல் பெல்த்தியே, கவான்து என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் சின்கோனாவிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதன் பிறகு கசக்கிற பட்டை எது கிடைத்தாலும் அதை இடித்து, ஊறவைத்து, காய்ச்சிப் பார்ப்பது வேதியியலாளர்களின் வேலையாகிவிட்டது. பெல்ஜியத்தில் டி கோனின்க், ஸ்தாஸ் என்ற இருவருக்கு ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டை கிடைத்தது. 1835இல் அதிலிருந்து ஒரு வெண்படிகத்தை எடுத்து, புளோரிசின் என்று பெயர் வைத்தார்கள். நல்ல கசப்பு. ஆகவே மலேரியாவுக்கும் மற்ற காய்ச்சல்களுக்கும் ஆகும் என்று எதிர்பார்த்தார்கள்.

குயினைனின் இடத்தை அது பிடிக்கவில்லை. ஸ்தாஸ் பின்னாளில் தனிமங்களின் அணு எடைகளைத் துல்லியமாக அளந்து பெரும்புகழ் பெற்றார். புளோரிசின் புட்டியில் அடைபட்டு அலமாரிக்குப் போனது. இன்று நம் ஊர் மருந்துக்கடைகளில் டாபா, எம்பா என்று செல்லப்பெயரில் விற்கும் மாத்திரைகளுக்கு இதுதான் மூதாதை. இதன் வரலாற்றில் எனக்குப் பிடித்த விஷயம், எதற்காக எடுத்தார்களோ அதற்கு இது ஒருமுறைகூடச் சரியாக உதவவில்லை என்பது. ஒவ்வொரு தலைமுறையும் வேறு எதையோ தேடி இதைக் கையில் எடுத்தது, தேடாத ஒன்றைப் பெற்றது.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, அப்போது ஜெர்மனியின் கையில் இருந்த ஸ்ட்ராஸ்பூர் நகரத்தில், யோசெஃப் ஃபான் மேரிங் என்ற மருத்துவர் இதை நாய்களுக்குக் கொடுத்தார். 1886இல் அவர் கண்டது விசித்திரமானது. நாயின் சிறுநீரில் சர்க்கரை கொட்டியது. நிறையச் சிறுநீர் போனது, உடல் மெலிந்தது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறவே இல்லை. சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் அது நீரிழிவு என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும். மதுமேகம் என்று பழைய மருத்துவ நூல்கள் சொல்வதும் அதைத்தான். ஃபான் மேரிங்கும் இதைச் செயற்கை நீரிழிவு என்றே கருதினார். மூன்றே ஆண்டுகளில், அதே ஊரில் அவரும் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியும் சேர்ந்து ஒரு நாயின் கணையத்தை அகற்றி, உண்மையான நீரிழிவு எங்கிருந்து வருகிறது என்று காட்டிவிட்டார்கள். இன்சுலினுக்கான பாதை அங்கே திறந்தது. உலகம் கணையத்தின் பின்னால் ஓடியது. சிறுநீரகத்தின் பக்கம் திரும்பிப் பார்க்க அதற்குப் பிறகு வெகுகாலம் ஆனது.

சிறுநீரகம் செய்கிற வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீர்மத்தை அது வடிகட்டுகிறது. அந்த நீர்மத்தோடு 160 முதல் 180 கிராம் குளுக்கோஸும் வெளியே வந்துவிடுகிறது. அது அப்படியே போனால் தின்ற சோற்றில் பாதி வீண். அதனால் கல்யாணப் பந்தி முடிந்ததும் எச்சில் இலையோடு வெள்ளி டம்ளர் போய்விடாமல் ஒருவர் வாசலில் நின்று பொறுக்கி எடுப்பாரே, அப்படிச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் சில புரதங்கள் நின்று சர்க்கரையைப் பொறுக்கி ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. எஸ்.ஜி.எல்.டி-2 என்பது அதில் பெரிய ஆள். ஏறக்குறைய தொண்ணூறு விழுக்காடு வேலை அதனுடையது. மிச்சத்தை எஸ்.ஜி.எல்.டி-1 பார்த்துக்கொள்கிறது. சர்க்கரையைத் தனியாக எடுப்பதில்லை. கூடவே சோடியத்தையும், அதாவது உப்பையும், சேர்த்து உள்ளே இழுக்கின்றன. இந்த உப்பு விவகாரத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு தேவைப்படும்.

ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராம் அளவைத் தாண்டும்போது இந்தப் புரதங்களால் சமாளிக்க முடியாமல் மிச்சம் சிறுநீரில் வழிகிறது. பெனடிக்ட் கரைசலைச் சிறுநீரோடு கொதிக்கவைத்து நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று நிறம் பார்த்தார்களே, அந்தச் சோதனைக்குழாயில் தெரிந்தது இந்த வழிசல்தான். நீரிழிவு முற்றினால் சிறுநீரகம் சர்க்கரையை வெளியே தள்ளிவிட்டுத் தப்பிக்கும் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது நேர்மாறு. அது இன்னும் அதிகமாகப் பொறுக்கி ரத்தத்தில் சேர்க்கிறது. பஞ்ச காலத்துக்காக உருவான சிக்கனம், விருந்து காலத்தில் ஆளைக் கொல்கிறது.

புளோரிசின் இந்தப் புரதங்களை அடைத்துவிடுகிறது என்பது படிப்படியாகத்தான் தெரியவந்தது. 1933இல் நியூயார்க்கில் மனிதர்களுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் எதை எப்படி வடிகட்டுகிறது என்று அறியும் கருவியாக அது பயன்பட்டது. 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்கர், குடலில் சர்க்கரையும் சோடியமும் ஜோடியாகத்தான் உள்ளே போகின்றன என்றார். இதையொட்டி ஒரு கிளைக்கதை. வயிற்றுப்போக்கில் வாடும் குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுக்கிறோமே, அது ஏன் வேலை செய்கிறது என்பதற்கான விளக்கம் இதுவே. 1971இல் வங்காளதேச அகதிகள் முகாமில் திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் அந்தக் கரைசலை வாளி வாளியாகக் கலந்து கொடுத்துக் காலராவிலிருந்து உயிர்களை மீட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும், இதய மருத்துவர் எழுதித்தரும் இந்த மாத்திரையும் ஒரே ஜோடியைப் பற்றியவைதான். ஒன்று அந்த ஜோடியை உள்ளே விடுகிறது, மற்றது வெளியே நிறுத்துகிறது.

1987இல் யேல் பல்கலைக்கழகத்தில் லூச்சியானோ ரொசெட்டியும் ரால்ஃப் டிஃப்ரான்சோவும் ஒரு சோதனை செய்தார்கள். எலிகளின் கணையத்தில் பெரும்பகுதியை வெட்டி எடுத்து நீரிழிவை உண்டாக்கி, பிறகு புளோரிசின் கொடுத்தார்கள். சர்க்கரை சிறுநீரில் வெளியேறியது. ரத்தத்தில் அளவு சரியானது. இன்சுலின் பேச்சைக் கேட்காமல் இருந்த உடல் மறுபடி கேட்கத் தொடங்கியது. அதுவரை நோயின் அடையாளமாக இருந்த ஒன்று, மருந்தாகக்கூடும் என்று தெரிந்தது. இதற்கு முன்பே இயற்கை ஒரு ஒத்திகை பார்த்திருந்தது. சில குடும்பங்களில் எஸ்.ஜி.எல்.டி-2க்கான மரபணுவிலேயே கோளாறு. பிறந்தது முதல் சிறுநீரில் சர்க்கரை போகும். ஆனால் பெரும்பாலோருக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களைப் பார்த்துத்தான் மருந்து நிறுவனங்களுக்குத் தைரியம் வந்தது.

புளோரிசினை அப்படியே மாத்திரையாக்க முடியாது. வாய்வழியே கொடுத்தால் குடலில் உள்ள நொதி அதைப் பிய்த்துப்போடும். தப்பித்த கொஞ்சமும் குடலில் உள்ள எஸ்.ஜி.எல்.டி-1ஐ அடைத்து வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். (ஆப்பிளைத் தோலோடு தின்றால் சர்க்கரை குறையும் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இதை நினைத்துக்கொள்ளலாம்.) ஜப்பானின் தனாபே நிறுவனம் 1990களில் இதன் உருவத்தை மாற்றி, டி-1095 என்ற பொருளைச் செய்தது. முழு வெற்றி இல்லை. பிறகு வந்தவர்கள் சர்க்கரைப் பகுதியையும் மற்ற பகுதியையும் இணைக்கும் ஆக்சிஜனை எடுத்துவிட்டு, நேரடியாகக் கார்பனால் கட்டினார்கள். அந்தக் கட்டைக் குடல் நொதியால் அவிழ்க்க முடியவில்லை. பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்க்விப் நிறுவனத்தில் டாபாகிளிஃப்ளோசின், தனாபேயின் வழியில் கனாகிளிஃப்ளோசின், போரிங்கர் இங்கெல்ஹைமில் எம்பாகிளிஃப்ளோசின் என்று வரிசையாக வந்தன. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் சர்க்கரையைச் சிறுநீரில் போகவைக்கும் மாத்திரைகள்.

இந்த இடத்தில் கதைக்குள் வேறொரு மருந்து நுழைகிறது, வில்லனாக. ரோசிகிளிட்டசோன் சர்க்கரையை நன்றாகக் குறைத்தது. உலகமே விழுங்கியது. 2007இல் ஸ்டீவன் நிசென் என்ற அமெரிக்க இதய மருத்துவர், வெளியான ஆய்வுகளையெல்லாம் கூட்டிக் கணக்குப் போட்டு, அது மாரடைப்பைக் கூட்டுகிறது என்று எழுதினார். பெரும் ரகளை. இந்தியா 2010இல் அதைத் தடைசெய்தது. ரத்தத்தில் எண் இறங்கினால் போதும், நோயாளிக்கு நல்லதுதான் என்று இருந்த நிம்மதி அன்றோடு போனது. 2008 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு புதிய விதி போட்டது: இனி எந்தச் சர்க்கரை மருந்தும் இதயத்துக்குக் கேடு செய்யாது என்று ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் நிரூபித்தாக வேண்டும். நிறுவனங்கள் முணுமுணுத்தன. கோடிக்கணக்கில் செலவு, ஜெயித்தாலும் கிடைப்பது 'கெடுதல் இல்லை' என்ற சான்றிதழ் மட்டும்.

டாபாகிளிஃப்ளோசினுக்கு முதலில் அதுகூடக் கிடைக்கவில்லை. புற்றுநோய், கல்லீரல் குறித்த சந்தேகங்களால் 2012 ஜனவரியில் அமெரிக்கா அதைத் திருப்பியனுப்பியது. ஐரோப்பா அதே ஆண்டு ஏற்றுக்கொண்டது. 2013 மார்ச்சில் கனாகிளிஃப்ளோசின் முந்திக்கொண்டு அமெரிக்கச் சந்தையில் முதலில் நுழைந்தது. மருத்துவர்கள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியில் அரை விழுக்காடு, ஒரு விழுக்காடு குறைக்கும் இன்னொரு மாத்திரை. அவ்வளவே மதிப்பு.

2015 செப்டம்பர் 17. ஸ்டாக்ஹோமில் ஐரோப்பிய நீரிழிவு ஆய்வுச் சங்கத்தின் கூட்டம். எம்பாகிளிஃப்ளோசினை 42 நாடுகளில், ஏற்கெனவே இதயநோய் உள்ள 7020 சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்த முடிவு வெளியானது. விதிக்காக, வேறு வழியின்றி நடத்திய ஆய்வு. இதயநோயால் இறந்தவர்கள் 38 விழுக்காடு குறைவு. எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மரணம் 32 விழுக்காடு குறைவு. இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் படுத்தவர்கள் 35 விழுக்காடு குறைவு. அரங்கில் கைதட்டல் எழுந்தது. மருத்துவ மாநாட்டில் புள்ளிவிவரப் படத்துக்குக் கைதட்டுவது வழக்கமில்லை.

விழுக்காட்டுக் கணக்கு எப்போதும் கொஞ்சம் மிகைப்படுத்தும் என்பதால் வேறுவிதமாகவும் சொல்லலாம்: இதயநோயுள்ள 39 பேருக்கு மூன்று ஆண்டுகள் கொடுத்தால் ஒரு மரணம் தவிர்க்கப்படுகிறது. இது மிகப் பெரிய பலன். என்னைக் கவர்வது, அந்த ஆய்வில் எது நடக்கவில்லை என்பதும்தான். மாரடைப்போ பக்கவாதமோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. சர்க்கரை அளவிலும் இரு தரப்புக்கும் சிறிய வித்தியாசமே. பலனோ சில மாதங்களிலேயே தெரிய ஆரம்பித்துவிட்டது. சர்க்கரையைக் குறைத்து ரத்தக்குழாயைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பல ஆண்டுகள் ஆகும். ஆக, இந்த மருந்து இதயத்துக்குச் செய்த நன்மை சர்க்கரை வழியாக வந்ததே அல்ல. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மருந்தின் மீது பயம் வரவில்லையென்றால், இந்த ஆய்வை யாரும் இவ்வளவு பெரிதாக நடத்தியிருக்க மாட்டார்கள். ஆய்வுக்கூடத்தின் நம்பிக்கையைவிட அதிகாரிகளின் சந்தேகம் அதிகம் தந்த சந்தர்ப்பம் இது.

சிறுநீரகத்துக்கு வருவோம். "சுகர் மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டே கிட்னி போயிடுச்சு" என்று தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் கேட்கலாம். கிட்னியைக் கெடுப்பது பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும். பழி மாத்திரையின் மேல். இந்த பயத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டு டயாலிசிஸ் வரை போனவர்கள் உண்டு. அந்த வசனத்துக்குப் பதில் சொல்ல இதைவிடப் பொருத்தமான மருந்து இல்லை.

இப்போது அந்த உப்பு விவகாரம். நீரிழிவில் நுண்குழாய்கள் சர்க்கரையோடு உப்பையும் மிகையாக உள்ளே இழுத்துவிடுவதால், குழாயின் கீழ்ப்பகுதிக்கு உப்பு போதுமான அளவு போய்ச் சேருவதில்லை. அங்கே உள்ள உணர்செல்கள், வடிகட்டல் குறைந்துவிட்டதாகத் தப்பாகப் புரிந்துகொண்டு, ரத்தம் நுழையும் குழாயை அகலத் திறக்கின்றன. வடிகட்டி முடிச்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது; ஆண்டுக்கணக்கில் அந்த அழுத்தத்தில் அது கிழிந்து தழும்பாகிறது. சிறுநீரில் புரதம் போவது அதன் முதல் எச்சரிக்கை. டாபாவோ எம்பாவோ கொடுத்தால் உப்பு கீழே போய்ச் சேருகிறது. நுழைவுக்குழாய் சுருங்குகிறது. அழுத்தம் இறங்குகிறது. ஏற்கெனவே இருந்த ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் போன்ற மருந்துகள் வெளியேறும் குழாயைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைப்பவை. இது நுழையும் பக்கத்தில் வேலை செய்கிறது. இரண்டும் ஒன்றாகப் போகலாம்.

அதனால்தான் மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில், சிறுநீரகக் கோளாறைக் காட்டும் கிரியேட்டினின் அளவு சற்று ஏறும். ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறி நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சிறு ஏற்றம் பெரும்பாலும் அழுத்தம் இறங்கியதற்கான கணக்குதான்; பிறகு நிலைத்துவிடும், ஆண்டுகள் செல்லச் செல்ல மருந்து எடுக்காதவர்களின் சிறுநீரகமே வேகமாகச் சரியும். 2019இல் வெளியான கிரெடன்ஸ் ஆய்வில், சர்க்கரையால் சிறுநீரகம் பழுதான 4401 பேரில் கனாகிளிஃப்ளோசின் எடுத்தவர்களுக்கு மோசமான முடிவுகள் 30 விழுக்காடு குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே முடித்துக்கொண்டார்கள். நீரிழிவுச் சிறுநீரக நோய்க்கு 2001க்குப் பிறகு பெரிதாக எதுவும் கிடைக்காமல் காத்திருந்த துறை அது.

அடுத்த கேள்வி தானாக எழுந்தது. பலன் சர்க்கரை வழியாக வரவில்லையென்றால், சர்க்கரையே இல்லாதவருக்கும் கொடுக்கலாமே? அதே ஆண்டு பாரிசில் டாபா-எச்.எஃப். ஆய்வு பதில் சொன்னது. இதயம் பலவீனமான 4744 பேர். பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை கிடையாது. இதயச் செயலிழப்பு மோசமாவதும் இதயநோய் மரணமும் சேர்ந்து 26 விழுக்காடு குறைந்தன. சர்க்கரை இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே பலன். 2020இல் டாபா-சி.கே.டி., 2022இல் 6609 பேருடன் எம்பா-கிட்னி. சிறுநீரக நோய்க்கும் அதே கதை. 2021இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் இந்தக் குடும்பத்தைச் சேர்த்தது.

இதயத்தில் இது எப்படி வேலை செய்கிறது என்பது இன்னும் சண்டைக்குரிய விஷயம். இதயத் தசையில் எஸ்.ஜி.எல்.டி-2 இருக்கிறது என்று சொல்லும்படி எதுவும் இல்லை. உப்பும் நீரும் வெளியேறிச் சுமை குறைகிறது என்பார்கள் சிலர். பட்டினி கிடக்கும் உடல் போல் கீட்டோன்களை எரித்து இதயம் சிக்கனமாக ஓடுகிறது என்பார்கள் வேறு சிலர். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். எல்லாவற்றுக்கும் சஞ்சீவி என்ற நினைப்பும் வேண்டாம்: மாரடைப்பு வந்த கையோடு எம்பா கொடுத்த ஆய்வு 2024இல் எதிர்பார்த்த முக்கியப் பலனைக் காட்டவில்லை.

கெட்ட பக்கமும் உண்டு. சர்க்கரை கலந்த சிறுநீர் பூஞ்சைக்கு விருந்து. பிறப்புறுப்பில் அரிப்பு, படை என்பது இந்த மருந்தின் மிகச் சாதாரணத் தொல்லை. நம் பெண்கள் வெட்கப்பட்டு மருத்துவரிடம் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் விட்டுக் கழுவி உலர வைத்தாலே பாதி குறையும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. அபூர்வமாக அந்தப் பகுதியில் கடும் தசை அழுகலும் வந்திருக்கிறது. 2017இல் கனாகிளிஃப்ளோசின் ஆய்வொன்றில் கால்விரல், பாதம் அகற்ற நேர்ந்தவர்கள் இருமடங்காக இருந்ததால் அமெரிக்கா கறுப்புக் கட்ட எச்சரிக்கை போட்டது. பின்வந்த ஆய்வுகளைப் பார்த்து 2020இல் அந்தக் கட்டத்தை எடுத்தது. பாதத்தில் புண் உள்ளவர்களிடம் மருத்துவர்கள் இப்போதும் எச்சரிக்கையாகவே இருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம்விட நான் அஞ்சுவது கீட்டோ அமிலத் தேக்கத்தை. மாத்திரையை விழுங்கிவிட்டு ஏகாதசி விரதம், வாந்திபேதி, அல்லது அறுவை சிகிச்சைக்கு முன் பட்டினி. உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி ரத்தத்தில் அமிலம் ஏறுகிறது. வழக்கமாக இந்த ஆபத்தில் சர்க்கரை நானூறு, ஐந்நூறு என்று காட்டும். இந்த மாத்திரை எடுப்பவருக்குக் குளுக்கோமீட்டர் 160, 180 என்று சாதுவாகக் காட்டும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். நோயாளி மூச்சிரைத்துக் கொண்டிருப்பார். சாப்பிட முடியாத நாட்களிலும், அறுவைக்கு மூன்று நாட்கள் முன்னதாகவும் மருத்துவரைக் கேட்டு நிறுத்திவைப்பது இதனால்தான். இன்சுலின் அறவே சுரக்காத முதல் வகை நீரிழிவுக்காரர்களுக்கு இதைப் பொதுவாகத் தருவதில்லை.

டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020இலும், எம்பாகிளிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சிலும் முடிந்தன. சுமார் 60 ரூபாய்க்கு விற்ற எம்பா மாத்திரை, உடனேயே சில உள்நாட்டு நிறுவனங்களிடம் பத்து ரூபாய்க்கும் கீழே வந்தது. பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை உள்ள நாட்டில், எந்த ஆய்வு முடிவையும்விட அதிகம் பேரைச் சென்றடையக்கூடியது அந்த விலைச்சீட்டு.

ஆனால் கடைக்காரருக்கும் வீட்டாருக்கும் இது இன்னும் சுகர் மாத்திரைதான். இதயம் பலவீனமான ஒருவருக்கு எழுதிக்கொடுத்தால், "எங்க அப்பாவுக்குத்தான் சுகரே இல்லையே, டாக்டர் மாத்தி எழுதிட்டாரு போல" என்று மகன் கடையிலேயே வேண்டாமென்று சொல்லிவிடுகிறார். சர்க்கரை உள்ளவரோ, மூன்று மாதச் சராசரி ஆறரைக்கு வந்ததும், கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டதே என்று முதலில் இந்த மாத்திரையைத்தான் நிறுத்துகிறார். சில வாரங்களில் கால் வீங்குகிறது, இரவில் மல்லாந்து படுக்க முடியவில்லை. முழு உடல் பரிசோதனைக்குப் போனவருக்கு வேறு குழப்பம். யூரின் சுகர் நான்கு பிளஸ் என்று சிவப்பு எழுத்தில் ரிப்போர்ட் வருகிறது. மாத்திரை ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. அந்தத் தாளோடு இன்னொரு மருத்துவரிடம் ஓடினால், சர்க்கரை ஏறிவிட்டது என்று நினைத்து மருந்தளவைக் கூட்டிவிடும் வாய்ப்பு உண்டு. என்ன மாத்திரை எடுக்கிறோம் என்பதைப் பரிசோதனைக் கூடத்தில் முதலிலேயே சொல்லி, சீட்டின் மூலையில் எழுதி வாங்கிக்கொள்கிறவர்கள் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வருகிறார்கள்.